பழைய படங்களைக் காட்டினால் அம்மா அழுகிறாள். டேப்லெட்டை மூட்டை கட்டி வைத்துவிடவா?

கடைக்குட்டி:

அம்மாவுக்கு 79 வயது. அல்சைமர் என்று டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. இப்போது நடுக்கட்டம் என்கிறார். தானே நடக்கிறாள், சாப்பிடுகிறாள், நன்றாகவே பேசுகிறாள். காலையில் நடந்தது மதியம் அவளிடம் இருக்காது, அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். மீதி நாள் நான் அவளுடைய தங்கை. பழகிவிட்டது.

பழைய நினைவுகளைக் கிளறிப் பேசவைக்கிற சிகிச்சை ஒன்று இருக்கிறது, ரெமினிசென்ஸ் தெரபி என்று பெயர், இப்போது டேப்லெட்டை வைத்தே செய்கிறார்கள் என்று படித்தேன். உடனே கிளம்பிவிட்டேன். ஆல்பங்களை ஸ்கேன் செய்யவே மூன்று வாரம் ஆனது. போனில் இருந்ததையும் சேர்த்து 412 படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயரும் வருஷமும் அடித்தேன். ஐந்து நொடிக்கு ஒரு படம், பின்னால் மெல்லிய இசை, படம் மெதுவாக நகர்ந்து நகர்ந்து பெரிதாகுமே, அதையும் போட்டேன். முடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து பார்த்தபோது எனக்கே தொண்டை அடைத்தது.

முதல் நாள் டேப்லெட்டை அவள் மடியில் வைத்தேன். இன்னும் ஆன் செய்யவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தவள், "இந்தப் பாட்டி எதுக்கு இதுக்குள்ள இருக்காங்க?" என்றாள். அப்போதே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

படங்கள் ஓடின. "இது யாரு, சொல்லும்மா?" என்று கேட்டேன். தெரியவில்லை. "உங்க பேரன்மா, பட்டம் வாங்கினப்போ எடுத்தது." அடுத்த படம். அடுத்த படம். பத்தாவது படத்துக்குள் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "தெரியலை, தெரியலை" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்காத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

பிறகு அப்பாவின் படம் வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன். "எங்க போயிருக்கார்? இன்னும் வரலையே?" என்றாள். அப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. நான் உண்மையைச் சொன்னேன். அன்றைக்குத்தான் செய்தி வந்ததைப் போல அழுதாள். சாயங்காலம் எதற்கு அழுதோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. ஆனால் முகம் அப்படியே இருந்தது. தூங்கும்வரை துண்டின் ஓரத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

இன்னொரு நாள் அவளே தொட்டுப் பார்க்கட்டும் என்று விட்டேன். அவள் விரலுக்குத் திரை அசையவே இல்லை. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இதோடு அண்ணன் விவகாரம் வேறு. அவன் தூரத்தில் இருக்கிறான். ஞாயிறுதோறும் வீடியோ காலில் வந்து, "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பான். அன்பில்தான் கேட்கிறான். போன வாரம் அப்பாவின் பழைய போட்டோவை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, அப்பா கண் சிமிட்டித் தலையைத் திருப்பிச் சிரிக்கிற மாதிரி ஒன்று செய்து அனுப்பியிருக்கிறான். அம்மாவுக்குக் காட்டச் சொல்கிறான். எனக்கு அதைப் பார்த்ததிலிருந்து வயிற்றில் என்னவோ செய்கிறது.

நான் எங்கே தப்பு செய்கிறேன்? அல்லது அம்மா மாதிரி ஆட்களுக்கு இது ஒத்துவராதா?

கூடுதல் விவரம், உதவுமா தெரியவில்லை: அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். 1966-இல் இருபது வயதில் சேர்ந்தாள். கையால் இணைப்புக் கொடுக்கும் போர்டுகளை எடுக்கும்வரை அதே வேலைதான். அந்தக் காலத்துப் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

---

இரவு ஷிப்ட்:

பதினோரு வருஷமா முதியோர் பராமரிப்புல நர்ஸா இருக்கேன். நீங்க செஞ்சது எல்லாரும் முதல்ல செய்யறதுதான். மனசைப் போட்டு வருத்திக்காதீங்க.

முதல்ல அந்த 412 படம். அதுல எத்தனை அம்மாவோட முப்பது வயசுக்கு முன்னாடி எடுத்தது? எண்ணிப் பாருங்க. இருபது இருந்தா அதிகம். மனுஷங்களுக்குப் பத்து வயசுலேருந்து முப்பது வயசுக்குள்ள நடந்ததுதான் ஆழமாப் பதிஞ்சிருக்கும். அல்சைமர் வந்தா கிட்டத்துல நடந்தது முதல்ல போகும், பழசு கடைசியாப் போகும். நம்ம போன்ல சுலபமாக் கிடைக்கிற படங்கள் எல்லாம் அவங்க ஏற்கெனவே தொலைச்சுட்ட வருஷங்களோட படங்கள். பேரன் பட்டம் வாங்கினது உங்களுக்கு நேத்து மாதிரி இருக்கும். அவங்களுக்கு அது நடக்கவே இல்லை.

ரெண்டாவது, "இது யாரு?", "ஞாபகம் இருக்கா?" இந்த ரெண்டு கேள்வியையும் இன்னையோட விட்டுடுங்க. எங்க வார்டுல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் இதுதான். அது விசாரிப்பு மாதிரி காதுல விழுந்தாலும் உள்ளுக்குள்ள பரீட்சை. அவங்களுக்கு விடை மறந்துபோகலாம், தோத்துட்டோம்ங்கிற உணர்வு மறக்காது. நீங்களே ஒரு வரி சொல்லிட்டுச் சும்மா இருங்க. "இந்தச் சட்டைக்கு எவ்வளவு பெரிய காலர்!" அவ்வளவு போதும். இருபது நொடி, முப்பது நொடி பேசாம இருங்க. நமக்குத்தான் அந்த மௌனம் கஷ்டம். அவங்க அந்த நேரத்துல வார்த்தை தேடிக்கிட்டு இருப்பாங்க.

ஐந்து நொடிக்கு ஒரு படம் எனக்கே தலை சுத்தும். ஒரு வேளைக்கு மூணு படம் போதும், நாலு அதிகம். நகர்ற எஃபெக்டை எடுத்துடுங்க. பின்னணி இசையும் வேணாம். படம்னா படம், பாட்டுன்னா பாட்டு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டா எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாமத் தவிப்பாங்க. கீழே பேர் எழுதினதையும் எடுத்துடலாம்.

திரை அசையாததுக்கு அம்மா காரணமில்லை. வயசானவங்க விரல் நுனி காஞ்சு போயிருக்கும். டேப்லெட் திரை அழுத்தத்தை உணர்றதில்லை, தோல் வழியாப் போற மின்னூட்டத்தைத்தான் உணருது. காஞ்ச தோலை அது கண்டுக்காது. வேலை செய்யலைன்னு இன்னும் அழுத்துவாங்க, ரொம்ப நேரம் அழுத்திப் பிடிப்பாங்க, உடனே வேற ஏதோ மெனு திறக்கும். கையில லேசா க்ரீம் தடவி விடுங்க, இல்லைன்னா முனையில ரப்பர் வெச்ச ஸ்டைலஸ் கொடுங்க. நீங்களே தொட்டாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

அந்தக் கறுப்புக் கண்ணாடி விஷயம் அடிக்கடி நடக்கும். திரையை ஆன் பண்ணி, படத்தைத் திறந்து வெச்சுட்டு அப்புறம் எடுத்துட்டுப் போங்க. பளபளப்பில்லாத மேட் ஷீட் ஒட்டுங்க. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீங்க, வெளிச்சம் முழுக்கத் திரையில விழும். நோட்டிஃபிகேஷனை மொத்தமா நிறுத்துங்க, திரை தானாத் திரும்பறதையும் பூட்டிடுங்க. ஐபேடா இருந்தா கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டா இருந்தா ஸ்கிரீன் பின்னிங். ஒரே ஆப்ல நிக்கும், வெளிய போகாது.

நேரம்: நல்லாத் தூங்கி எழுந்த நாள்ல, முற்பகல்ல. சாயங்காலம் தொடவே தொடாதீங்க. கால் மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க.

அந்தக் கண் சிமிட்டற அப்பா... எனக்கும் உங்களை மாதிரிதான் வயிறு கலங்குது. வேணாம்.

---

தையல்காரர் மகன்:

தங்கச்சி, அந்த அசையும் படத்தைப் பற்றி நான் சொல்கிறேன். என் அப்பாவுக்கு வந்தது அல்சைமர் இல்லை, டிமென்ஷியா என்கிற மறதிநோயிலேயே லூவி பாடி என்ற இன்னொரு வகை. அதில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். அறை மூலையில் குழந்தைகள் நிற்பதாக அப்பா சொல்வார், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களை உட்காரச் சொல்வார். டிவியில் செய்தி வாசிக்கிறவர் தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்துப் பதில் சொல்வார், அவர் கவனிக்காவிட்டால் கோபம் வரும். அப்படி இருக்கும்போது நான் ஒருநாள் பழைய கல்யாண வீடியோவைப் பெரிய டிவியில் போட்டேன். அவ்வளவு பேரும் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் அவருக்கு. ராத்திரி இரண்டு மணிவரை அவர்களை வழியனுப்ப முடியாமல் தவித்தார்.

உங்கள் அம்மாவுக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் போட்டோவைப் பார்த்தே "இன்னும் வரலையே" என்று கேட்டவர், அது தலையைத் திருப்பிச் சிரித்தால் என்ன கேட்பார் என்று உங்கள் அண்ணனை யோசிக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது சத்தம். அப்பா நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவர். அந்த மெஷின் எங்களிடம் இல்லை. அதே மாதிரி ஒரு மெஷின் ஓடுவதை யாரோ ஒரு மணி நேரம் பதிவு செய்து யூடியூபில் போட்டிருந்தார்கள். திரையை மூடிவைத்து, ஸ்பீக்கரில் சத்தத்தை மட்டும் விட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கீழே பார்த்தால் கால் மிதிக்கிறது. கையில் ஒரு துணியைக் கொடுத்தேன். விரலால் ஓரத்தைத் தடவி, "ஓரம் சரியில்ல, யார் வெட்டினது?" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

உங்கள் அம்மா எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் என்று எழுதிவிட்டு "உதவுமா தெரியவில்லை" என்கிறீர்கள்! 412 படத்தையும் விடுங்கள், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

---

புள்ளிக்கணக்கு:

எல்லோரும் நல்ல விஷயமாகவே சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

முதியவர்கள் பழங்கதை பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம், அதைத் தடுக்க வேண்டும் என்றுதான் ஒருகாலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதிய கட்டுரை அதைத் திருப்பிப் போட்டது. வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பான வேலை என்றார் அவர். 1980-களில் ஸ்லைடும் ஒலிநாடாவும் வைத்துச் செய்ததைத்தான் இன்றைக்கு டேப்லெட்டில் செய்கிறார்கள்.

பலன் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2018-இல் வந்தது. அது 22 ஆய்வுகளை, ஏறத்தாழ 2000 பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பலன் இருக்கிறது, ஆனால் சிறியது, ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது என்பதே சாரம். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பிரிட்டனில் 'ரெம்கேர்' என்ற பெரிய ஆய்வு 2012-இல் வெளியானது. டிமென்ஷியா வந்தவரும் அவரைப் பார்த்துக்கொள்பவருமாக 488 ஜோடிகள். அவர்களில் ஒரு பகுதியினர் சேர்ந்தே உட்கார்ந்து பழைய நினைவுகளைப் பேசினார்கள், மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. நோயாளிகளிடம் குறிப்பிடும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. பார்த்துக்கொள்பவர்களிடம் பதற்றம் கூடியிருந்தது. கடைக்குட்டி, மூன்று வாரம் ஸ்கேன் செய்தவர் நீங்கள். அந்த உழைப்புக்கு அம்மா ஒரு பதில் தரவேண்டும் என்று உங்களை அறியாமலே காத்திருந்தீர்களோ என்று தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அழுகை மறந்தும் முகம் மாறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் பிரமை அல்ல. 2014-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டிச் சோதித்தார்கள். என்ன பார்த்தோம் என்பது அவர்களிடமிருந்து சீக்கிரமே போய்விட்டது. அது கிளப்பிய உணர்ச்சி அதற்குப் பிறகும் தங்கியது. எனவே "எப்படியும் மறந்துவிடுவாள்" என்ற சமாதானம் செல்லாது. நல்ல உணர்ச்சிக்கும் இதே கணக்குதான், அந்த அளவில் இது நல்ல செய்தி.

இவ்வளவு சொல்லிவிட்டு, எனக்கு நம்பிக்கை தருகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தில் டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2000-களின் தொடக்கத்தில் 'சர்க்கா' என்று தொடுதிரையில் இயங்கும் ஒன்றைச் செய்தார்கள். அதில் சொந்தப் படங்களைப் போடாமல் பொதுப் படங்களைத்தான் போட்டார்கள்: பழைய கடைத்தெரு, பள்ளிக்கூடம், வீட்டுவேலை, பாட்டுகள். குடும்பப் படத்தில் ஒரு சரியான விடை ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் தோல்வி. யாரோ ஒருவர் துணி துவைக்கிற படத்தில் அப்படி எந்த விடையும் இல்லை. "நாங்க இப்படித் துவைக்க மாட்டோம்" என்று ஆரம்பித்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். பக்கத்தில் இருக்கும் இளையவருக்கு அந்தக் காலம் தெரியாது. அதனால் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது தலைகீழாகிவிடுகிறது. லிவர்பூல் அருங்காட்சியகங்களின் 'ஹவுஸ் ஆஃப் மெமரீஸ்' ஆப் இதே வழியில் பழைய பொருள்களை வைத்து 2014-இல் வந்தது.

எக்ஸ்சேஞ்ச் போர்டின் படங்களை அருங்காட்சியகங்களின் தளங்களில் தேடுங்கள். அம்மா வேலை பார்த்த இடமாக இருக்க வேண்டியதில்லை. இல்லாமல் இருப்பதே நல்லது.

ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. "பழசு கடைசியில் போகும்" என்பது எல்லா வகைக்கும் பொருந்தாது. சொற்களின் பொருளே கரைந்துபோகிற செமாண்டிக் டிமென்ஷியாவில் கிட்டத்து நினைவு ஓரளவு நின்று, பழசு முதலில் போவதுண்டு. எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு படம் தேடுங்கள்.

---

கடைக்குட்டி:

எல்லோருக்கும் நன்றி. புள்ளிக்கணக்கு, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். அப்புறம் இல்லை.

ஒன்றே ஒன்று. அப்பாவின் படத்தை ஒளித்துவைத்தாலும் சில நாள் அவளே கேட்கிறாள். "எங்க அவர்?" என்ன சொல்வது? பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

---

இரவு ஷிப்ட்:

பொய்யும் வேணாம், அந்தச் செய்தியைத் தினமும் புதுசா உடைக்கவும் வேணாம். அவங்க கேக்கிறது விலாசம் இல்லை. ஆள் இல்லாத வெறுமை அவங்களுக்குத் தெரியுது, அதைத்தான் கேக்கறாங்க. "அப்பாவைத் தேடுதாம்மா?" அப்படின்னு பக்கத்துல உட்காருங்க. அப்புறம் அப்பாவைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தைச் சொல்லுங்க. அவர் ரேடியோவை எவ்வளவு சத்தமா வைப்பார், கண்ணாடியைத் தலைமேல ஏத்திவிட்டுட்டு வீடெல்லாம் தேடுவார், அந்த மாதிரி. பத்துல ஏழு தடவை அவங்க அந்தப் பேச்சோட வந்துடுவாங்க. மீதி மூணு தடவை அழுவாங்க. அப்போ கையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க. அதை நிறுத்தியே ஆகணும்னு இல்லை.

"செத்துட்டாரா?"ன்னு அவங்களே நேராக் கேட்டா மட்டும் மழுப்பாதீங்க. ஆமான்னு மெதுவாச் சொல்லுங்க. சில நாள் அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும், நம்ம வாயால கேக்கணும்னு இருப்பாங்க.

சத்தம் போட்டுக் காட்டப்போறீங்கன்னா காது மூடற மாதிரி நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்குங்க. அந்த வயசுல உச்ச சுருதிதான் முதல்ல கேக்காமப் போகும். டேப்லெட்டோட குட்டி ஸ்பீக்கர்ல அடித்தொனியும் வராது, ஆக ரெண்டும் இல்லாமப் போயிடும்.

---

கடைக்குட்டி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஹெட்போன் வந்தது. இருபது வயதில் அவள் கேட்ட பாட்டுகளை மட்டும் சேர்த்து வைத்திருந்தேன். நெடுங்காலமாகத் தெரிந்த பாட்டுகளைப் பதித்து வைக்கிற மூளைப் பகுதியை அல்சைமர் தாமதமாகத்தான் தொடுகிறது என்று மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வு ஒன்றை, 2015-இல் வந்ததை, இடையில் படித்திருந்தேன். பெரிய எதிர்பார்ப்போடுதான் அவள் தலையில் மாட்டினேன். (எதிர்பார்ப்பு கூடாது, தெரியும், புள்ளிக்கணக்கு.)

பாட்டைப் போடுவதற்கு முன்பே நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகு அப்படி நேராக இருந்து நான் பார்த்து எவ்வளவோ வருஷம். வலது கை முன்னால் போய் காற்றில் எதையோ எடுத்து மேலே செருகியது. குரலே வேறு. இளசான, அளவான, கொஞ்சம் அலுப்பான குரல். "நம்பர் ப்ளீஸ்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிரில் உட்கார்ந்து வாயில் வந்த ஒரு நம்பரைச் சொன்னேன். "லைன்ல இருங்க" என்றாள். இன்னொரு கை இன்னொரு இடத்தில் செருகியது, விரல் ஒரு விசையைத் தன்பக்கம் இழுத்தது. காத்திருந்தாள். "எங்கேஜ்டா இருக்கு. அப்புறம் கூப்பிடுங்க." பேச்சே இல்லாமல் என் லைனைப் பிடுங்கிவிட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். எதற்கென்று தெரிந்து சிரித்தாளா, நான் சிரித்ததால் சிரித்தாளா, தெரியாது. எதுவானாலும் சரி.

அதற்குப் பிறகு பெரிதாக ஒரு திட்டமும் போடவில்லை. அருங்காட்சியகத் தளத்திலிருந்து போர்டுப் படங்கள் மூன்று எடுத்தேன். எல்லாம் வேறு ஏதோ ஒரு நாட்டு எக்ஸ்சேஞ்ச். முதல் படத்தைப் பார்த்ததும், "இது எங்க போர்டு இல்ல. எங்களுது இன்னும் உசரம். இந்தப் பொண்ணு என்ன, ஒயரை இப்படிச் சிக்க வெச்சிருக்கு?" என்றாள். எனக்கு ஒயர் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பாடம் எடுத்தாள். விளக்கு எரிந்தால் பின்னால் இருக்கும் ஒயரை எடுத்து அதற்குக் கீழே செருக வேண்டும், நம்பர் கேட்க வேண்டும், முன்னால் இருக்கும் ஒயரை எடுத்து அந்த நம்பரில் செருக வேண்டும், விசையை இழுத்தால் அங்கே மணி அடிக்கும். டிரங்க் கால், அதாவது வெளியூர்க் கால், என்றால் சீட்டு எழுத வேண்டும். மூன்று நிமிஷம் ஆனதும் உள்ளே புகுந்து "நீட்டிக்கவா?" என்று கேட்க வேண்டும். அழுகிறவர்களிடம் மட்டும் கேட்க மாட்டாளாம். "அவங்க முடிக்கட்டும்னு சீட்டுல மூணுன்னே எழுதிடுவேன்." எழுபத்தொன்பது வருஷத்தில் இந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான் சரி.

எல்லா நாளும் இப்படி இல்லை. ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். இரண்டு நாள் போர்டுப் படத்தைப் பார்த்து, "ட்யூட்டிக்கு லேட்டாச்சு" என்று கிளம்பிவிட்டாள். ஒரு மணி நேரம் அவளோடு வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். என் பெயர் திரும்பி வந்துவிடவில்லை. இன்றும் தங்கைதான். 412 படங்களை வேறு ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது அவை எனக்கு.

அண்ணனிடம் நீங்கள் எல்லோரும் எழுதியதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த அசையும் படத்தை அழித்துவிட்டதாகச் சொன்னான். அடுத்த ஞாயிறு வீடியோ இல்லாமல் குரலில் மட்டும் வந்தான். அம்மா ஹெட்போனில் இருந்தாள். "நம்பர் ப்ளீஸ்." நாங்கள் சின்ன வயதில் இருந்த வீட்டின் நம்பரைச் சொன்னான். நாலே இலக்கம், எனக்கே மறந்துபோனது. அம்மா செருகினாள், இழுத்தாள், காத்திருந்தாள்.

"மணி போகுது சார். யாரும் எடுக்கலை. அப்புறம் முயற்சி பண்ணுங்க."

அவன் சரி என்று வைத்துவிட்டான். அதற்கு அடுத்த ஞாயிறும் அதே நம்பரைத்தான் கேட்டான்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இது ஒயர் இல்லாத ஹெட்போன். சார்ஜ் தீர்ந்துபோகும்போது உள்ளே ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ அறிவிக்கிறாள், அம்மா திடுக்கிட்டுப் போகிறாள். அதை நிறுத்த வழி உண்டா?

---

புள்ளிக்கணக்கு:

நிறுத்த வேண்டாம், ஒயர் வைத்ததாகவே வாங்கிவிடுங்கள். பழைய மாதிரி தடித்த பின் உள்ளதாக, கால் அங்குலப் பின். கடையில் கேட்டால் மைக் செட்காரர்கள் வாங்குவது என்பார்கள். டேப்லெட்டில் செருக ஒரு அடாப்டர் தேவைப்படும்.

அந்தப் பின் 19-ஆம் நூற்றாண்டில் டெலிபோன் போர்டுகளுக்காகவே செய்யப்பட்டது. இன்றைக்கும் வடிவம் பெரிதாக மாறவில்லை. அம்மா கையில் கொடுத்து, அவரையே செருகச் சொல்லுங்கள்.